கோல்பேஸில் இலவச ஈ.டி.எம். (மின்னணு நடன இசை) இரவு: போவதிலிருந்து வீடு திரும்பும் வரை

ஒரு டிசம்பர் 31 இரவு, கொழும்பின் கடற்கரைத் திடலான கோல்பேஸில் என் வலது கால் செருப்பு போனது. பன்னிரண்டு மணிக்கு வாணவேடிக்கை முடிந்ததும் சனம் முழுக்க ஒரே நேரத்தில் காலி வீதிப் பக்கம் திரும்பியது. பின்னால் யாரோ மிதிக்க, செருப்பு கழன்றது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், குனியக்கூட இடமில்லை. போனில் சார்ஜ் இல்லை. கூட வந்த மச்சான் எந்தப் பக்கம் போனான் என்றும் தெரியவில்லை. கடைசியில் ஒற்றைச் செருப்போடு வெள்ளவத்தை வரை நடந்தேன். கதவைத் திறந்த அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

அதன் பிறகு திறந்தவெளி இசை இரவுகள் பலவற்றுக்குப் போய்விட்டேன். காசு கொடுத்துப் போனதும் உண்டு, சும்மா போனதும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காசு மட்டும் இல்லை. டிக்கெட் விற்றால் எத்தனை பேர் வருவார்கள் என்று ஏற்பாட்டாளருக்குத் தெரியும். அந்தக் கணக்கை வைத்துத்தான் கழிப்பறை, தண்ணீர், வாசல், அம்புலன்ஸ் எல்லாம் வரும். இலவசம் என்றால் அந்த எண்ணிக்கை வெறும் ஊகம். 2002 ஜூலையில் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் டி.ஜே. ஃபேட்பாய் ஸ்லிம் இலவச நிகழ்ச்சி நடத்தினார். எதிர்பார்த்தது 60,000 பேர். வந்தது ஏறத்தாழ 250,000 பேர். பெர்லினில் 1989இல் சுமார் 150 பேருடன் தெருவில் தொடங்கிய 'லவ் பரேட்' என்ற இலவச டெக்னோ ஊர்வலம் பத்தே ஆண்டுகளில் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதே விழா டூயிஸ்பர்க் நகரத்துக்குப் போனபோது, 2010 ஜூலை 24 அன்று, உள்ளே வரும் சனமும் வெளியே போகும் சனமும் ஒரே சுரங்கப்பாதை, ஒரே சரிவுப்பாதையில் சந்தித்தன. 21 பேர் நெரிசலில் இறந்தார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வாசலில் எண்ணுபவர் இல்லாத இடத்தில் அந்த வேலையில் கொஞ்சத்தை நாமே செய்துகொள்ள வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த வேலைதான்.

முந்தைய வாரம்

முதலில் அறிவிப்பு உண்மையா என்று பாருங்கள். இலவச விழாவுக்கும் சிலர் முன்பதிவு கேட்டு கியூஆர் குறி அனுப்புவார்கள், அது சரி. இலவச நிகழ்ச்சிக்கு யாராவது வட்ஸ்அப்பில் 'முன்வரிசை பாஸ்' என்று காசு கேட்டால் அந்த நம்பரை அப்படியே பிளாக் பண்ணிவிடுங்கள்.

அடுத்தது கலண்டர். அடுத்த நாள் போயாவா, வேலை நாளா? போயா தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும். இந்த நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்க முடியாது. திறந்த திடலில் போத்தலைத் திறந்தால் பொலிஸ் வரும். அப்புறம் மழை. மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் கொழும்பில் பின்னேரத்து இடிமழை வழக்கம். காலையில் வெயில் கொளுத்தியது என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

மூன்று நான்கு பேராகப் போவது நல்லது. பத்துப் பேர் சேர்ந்து போனால் இரவு முழுக்க ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே போய்விடும். போகாத ஒருவருக்கு, அக்காவோ அறைத் தோழனோ, எங்கே போகிறோம், யாருடன், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லி வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறவர்கள் அன்றிரவே பஸ் பிடித்துத் திரும்பத் திட்டமிட வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு சித்தப்பா இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது?

பைக்குள் என்ன

பை சின்னதாக இருக்கட்டும், முன்பக்கம் போடக்கூடியதாக. அதற்குள் ஐ.சி. (அடையாள அட்டை) இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் 'ஐ.சி. எடுத்தியா?' என்று கேட்காமல் யாரையும் வாசல் தாண்ட விட்டதில்லை. யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகள் பழக்கிவிட்ட கேள்வி அது. இன்றைக்கும் அது நல்ல கேள்விதான், காரணம் மட்டும் மாறிவிட்டது: மயங்கி விழுந்தால் நீங்கள் யார் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனுடன் ஒரு துண்டுத் தாளில் வீட்டு நம்பரையும், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுதி மடித்து வையுங்கள். போன் செத்துப்போகும், தாள் சாகாது.

காலுக்குக் கட்டும் சப்பாத்து. செருப்பைப் பற்றி நான் இனிமேல் சொல்ல வேண்டியதில்லை. மழைக்குக் குடை வேண்டாம், மெல்லிய றெயின் கோட் போதும். கூட்டத்தில் குடைக்கம்பி பக்கத்து ஆளின் கண்ணுக்கு நேரே நிற்கும். காசு சில்லறை நோட்டுகளாக, இரண்டு இடங்களில் பிரித்து. பவர் பேங்க், கூடவே வயரும். வயரை மறந்துவிட்டுப் பவர் பேங்கை மட்டும் சுமந்து திரிந்த ஆட்கள் எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

மருந்துக்கடையில் வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஜீவனி பைக்கற், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள். மற்றது காதடைப்பான், மஞ்சளோ செம்மஞ்சளோ நிறத்தில் இருக்கும் பஞ்சு போன்ற நுரைத் துண்டு. இதைச் சொன்னாலே பெடியள் சிரிப்பார்கள், 'பாட்டுக் கேட்கத்தானே போறம்!' என்று. கணக்கைப் பாருங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலைத்தளங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று. 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்து நிமிடம்தான். மேடைக்குக் கிட்ட 100 என்பது சாதாரணம். காதின் உள்ளே இருக்கும் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது.

போடும் விதம் முக்கியம். சும்மா காதுக்குள் திணித்தால் பயனில்லை. விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லிய திரி போல ஆக்குங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் நேராகும், உடனே செருகுங்கள். விரலால் இருபது முப்பது விநாடி அழுத்திப் பிடித்திருங்கள், உள்ளே அது விரிந்து அடைக்கும். சரியாகப் போட்டால் உங்கள் குரலே உங்களுக்குக் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். பாட்டு கெடாது, உயர் ஒலியின் கூர் குறைந்து, பேஸ் எனும் தாழ்ந்த ஒலி நெஞ்சில் அப்படியே இடிக்கும். வெறும் பருத்திப் பஞ்சு இதற்குப் பதிலாகாது.

போகும் வழி

காலி வீதியால் வரும் 100ஆம் இலக்க பாணந்துறை பஸ்ஸும் 101ஆம் இலக்க மொரட்டுவை பஸ்ஸும் புறக்கோட்டைக்குப் போகும் வழியில் கோல்பேஸைத் தொட்டுப் போகும். பெரிய கூட்டம் என்றால் திடல் பக்கத்து வீதியை மூடிவிடலாம். அப்போது கொள்ளுப்பிட்டியில் இறங்கி நடப்பதுதான் கெட்டித்தனம். ரயிலில் என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் கொம்பனித்தெருவில் இறங்கலாம், இல்லையென்றால் கோட்டை வரை போய்த் திரும்பி நடக்கலாம். மோட்டார்சைக்கிளில் போனால் நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரம், எடுத்துக்கொண்டு வெளியே வர இன்னொரு மணி நேரம்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். கொழும்பில் ஆறு, ஆறரைக்குச் சூரியன் விழுந்துவிடும். அதற்கு முன் திடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் வேண்டும். இருட்டிய பிறகு லேசர் வெளிச்சத்தில் எந்தப் பக்கம் வெளியே என்று யாருக்கும் தெரியாது.

திடலைப் படித்துப் பார்த்தல்

கோல்பேஸின் அமைப்பை மனதில் வையுங்கள். மேற்கே கடல். கிழக்கே காலி வீதி, அதற்கப்பால் உயர்ந்த கட்டடங்கள். தெற்கே கோல்பேஸ் ஹொட்டல், வடக்கே பழைய பாராளுமன்றக் கட்டடம். நீளமான, ஒடுக்கமான புல்தரை. நான்கு பக்கம் திறந்திருப்பது போலத் தோன்றும், ஆனால் ஒரு பக்கம் கடல் என்பதால் வெளியேற மூன்று பக்கம்தான். அதிலும் மேடை, வேலி, விஐபி கூடாரம் என்று ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் இரண்டு. எது அடைபட்டிருக்கிறது என்பதைத்தான் அந்த அரை மணி நேரத்தில் பார்க்க வேண்டும். வந்த வழியாகவே எல்லோரும் திரும்ப முயல்வார்கள், அது மனித சுபாவம். அதனால் வராத ஒரு வழியையும் கண்டு வையுங்கள்.

(இந்த நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் சீமாட்டிகளும் குழந்தைகளும் காற்று வாங்கவென்று இதைப் பின்னால் வருபவர்களிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் பொறித்து வைத்தார். சப்வூஃபர் ஸ்பீக்கர்களை அவர் நினைத்திருக்க மாட்டார்.)

சந்திக்கும் இடம் ஒன்றைப் பேசி வையுங்கள். 'மேடைக்கு இடப்பக்கம்' என்பது இடம் இல்லை, அங்கே ஆயிரம் பேர் நிற்பார்கள். பண்டாரநாயக்க சிலையடி, ஹொட்டல் மூலை மாதிரி, இரவில் நகராத ஒன்று வேண்டும். நேரமும் வேண்டும்: 'ஆளைக் காணாவிட்டால் ஒவ்வொரு மணிக்கும் சரியாக, பத்து நிமிடம் அங்கே நிற்போம்.' இது ஏன் என்றால், அவ்வளவு போனும் ஒரே கோபுரத்தைப் பிடித்து இழுக்கும்போது அழைப்பு போகாது, வட்ஸ்அப் ஒற்றைச் சரியோடு நிற்கும். சாதாரண எஸ்எம்எஸ் சில வேளை புகுந்து போய்விடும். செய்தி அனுப்பினால் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள், 'இப்ப சிலையடியில் நிக்கிறன்' என்பது நாற்பது நிமிடம் கழித்துப் போய்ச் சேரலாம்.

இனி நிற்கும் இடம். முன்வரிசைதான் நல்ல இடம் என்று நினைப்பவர்கள் அதிகம். எனக்கு உடன்பாடில்லை. திடலின் நடுவில், மேடையைப் பார்த்தபடி, கூரை போட்ட ஒரு சின்ன மேசைக் கூடாரம் இருக்கும். ஒலிக் கலவை செய்பவர் அங்கேதான் இருப்பார். அவர் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதைத்தான் அவர் சரிசெய்கிறார், ஆகவே அந்தக் கூடாரத்தைச் சுற்றி நின்றால் ஒலி மிகத் தெளிவு. கூடாரத்தைச் சுற்றி வேலி இருக்கும், அதன் பின்பக்கத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடமும் கிடைக்கும். இன்னும் தூரப் போனால், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும் என்பதால், 170 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு அரை விநாடி பிந்திக் கேட்கும். திரையில் டி.ஜே.யின் கை விழுந்த பிறகுதான் இடி வரும். பெரிய விழாக்களில் நடுவழியில் வேறு ஸ்பீக்கர் கோபுரங்கள் வைத்து, அவற்றின் ஒலியை அளந்து தாமதப்படுத்தி இதைச் சமாளிப்பார்கள். அந்தக் கோபுரத்தில் ஏறவும் கூடாது, சாயவும் கூடாது.

புதிதாகக் கேட்பவர்களுக்கு

பைலாவிலும் கிரிக்கெட் மைதானத்துப் பப்பரேயிலும் வளர்ந்த காதுக்கு இது முதலில் ஒரே அடியாகத்தான் கேட்கும். ஹவுஸ் என்பது நிமிடத்துக்கு 120 முதல் 128 அடி, டெக்னோவும் ட்ரான்ஸும் அதைவிட வேகம், ட்ரம் அண்ட் பேஸ் 170 பக்கம் ஓடும். பாட்டு மெல்ல ஏறும், அடி மறையும், ஸ்னேர் மேளத்தின் அடி நெருங்கி நெருங்கி வரும், ஒரு கணம் எல்லாம் நிற்கும், பிறகு மொத்தமாக விழும். அதுதான் டிராப். தனி ஆவர்த்தனத்தில் தவில்காரர் தீர்மானத்துக்கு வரும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போமே, கிட்டத்தட்ட அந்த உணர்வு. டிராப் விழும்போது முழுத் திடலும் குதிக்கும். அந்த நேரத்தில் பாட்டிலைத் திறப்பது, குனிவது, சப்பாத்துக் கயிறு கட்டுவது எல்லாம் ஆகாது. ஸ்னேர் நெருங்கத் தொடங்கினால் காலை ஊன்றுங்கள்.

தண்ணீர், சாப்பாடு, மற்றது

நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் ஒவ்வொரு சந்தியிலும் தண்ணீர்ப் பந்தல் இருக்கும், வெசாக்கில் தன்சல் இருக்கும். இங்கே அப்படி நினைத்துப் போகாதீர்கள். கடற்காற்று அடிப்பதால் வியர்ப்பது தெரியாது, ஆனால் உப்பும் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் ஆடினால் வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிப்பதும் நல்லதல்ல, இரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும். ஜீவனியைப் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். போவதற்கு முன்பே வயிறாரச் சாப்பிடுங்கள். கோல்பேஸ் இறால் வடை இல்லாமல் கோல்பேஸ் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுத்துத் தரும் வண்டியில் வாங்குங்கள்.

கழிப்பறை விஷயத்தில் பெண்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் தங்கச்சிமாரைப் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து. நடமாடும் கழிப்பறை வரிசை நீளும் முன், தொடக்கத்திலேயே ஒருமுறை போய் வாருங்கள். எதிரே உள்ள பேரங்காடி திறந்திருக்கும் நேரத்தில் அது இன்னும் நல்ல வழி. ஈரத்துடைப்பான் ஒரு பைக்கற் கையில் இருக்கட்டும்.

யாராவது குளிசை நீட்டினால் வாங்க வேண்டாம். இந்த நாட்டுச் சட்டம் கடுமையானது என்பது ஒரு காரணம். இந்த இசையோடு சேர்த்துப் பேசப்படும் எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருள் உடல் வெப்பத்தை ஏற்றும் என்பது அதைவிடப் பெரிய காரணம். புழுக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் உடம்பு அதைத் தாங்காது. நண்பன் ஏற்கனவே எடுத்துவிட்டு, உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறினால் ஒளிக்காதீர்கள். ஆளைக் கூட்டத்துக்கு வெளியே கொண்டுபோய், தண்ணீர் தெளித்து, விசிறி, 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸுக்கு உண்மையைச் சொல்லுங்கள். அம்புலன்ஸ்காரர்களுக்கு வேண்டியது எதை எடுத்தான் என்ற விபரம்தான்.

நெரிசல்

இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

கூட்டத்தில் ஆட்கள் இறப்பது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி, மூச்சை இழுக்க இடமில்லாமல்தான். ஒரு சதுர மீற்றருக்கு நான்கு பேர் என்றால் இன்னும் நம் விருப்பப்படி நகரலாம். ஐந்தைத் தாண்டும்போது ஆபத்து தொடங்கும். ஆறு ஏழு என்றால் கூட்டம் தண்ணீர் மாதிரி, யாருடைய சொல்லையும் கேட்காது. முன்னால் நிற்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, பின்னால் தள்ளுபவருக்கு முன்னால் நடப்பது தெரியாது.

எண்ணிப் பார்க்க முடியாதுதானே. உடம்பைக் கேளுங்கள். இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில் அந்நியர் தோள் முட்டுகிறதா? மூக்கைச் சொறியக் கையை உயர்த்த முடிகிறதா? நீங்கள் அசையாமலே உங்கள் உடம்பு இடமும் வலமும் அசைகிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஓம்' என்றால் நீங்கள் ஏற்கனவே பிந்திவிட்டீர்கள். முதல் கேள்விக்கு 'ஓம்' வந்தபோதே, பிடித்த பாட்டு போய்க்கொண்டிருந்தாலும், பின்னால் வந்திருக்க வேண்டும்.

அகப்பட்டுவிட்டால் இரு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் போல நெஞ்சுக்கு முன் மடித்து வையுங்கள், விலா எலும்புக்கும் முன்னால் நிற்பவர் முதுகுக்கும் இடையே அந்தக் கையளவு வெளிதான் உங்கள் மூச்சு. கத்த வேண்டாம், காற்று வீண். அலை தள்ளும்போது எதிர்த்து நிற்காதீர்கள், அதனோடு போங்கள். அலை ஓயும் கணத்தில் குறுக்காக, ஓரம் நோக்கி ஓரிரு அடி வையுங்கள். மறுபடி அலை, மறுபடி குறுக்காக. வேலியிலும் சுவரிலும் முதுகை ஒட்டாதீர்கள். கீழே விழுந்த போனை மறந்துவிடுங்கள். பக்கத்தில் யாராவது விழுந்தால் உடனே கையைப் பிடித்து நிமிர்த்துங்கள், ஒருவர் விழுந்த குழியில்தான் அடுத்தவர்களும் விழுகிறார்கள்.

பக்கத்தில் நிற்பவர் சிங்களம் பேசுபவராக இருக்கலாம். 'தள்ளு கரன்ன எப்பா' என்றால் தள்ள வேண்டாம் என்று புரியும். 'வதுர' என்றால் தண்ணீர். நெரிசலில் மொழி பார்த்து யாரும் உதவுவதில்லை என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். செருப்புப் போன அந்த இரவில் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தவர் 'மல்லி, என்ன என்ன' என்றுதான் கூப்பிட்டார். தம்பி, வா வா என்று அர்த்தம்.

கூட்டத்தைச் சாட்டி உடம்பில் கை வைக்கும் ஆட்களும் இருப்பார்கள். அப்படி நடந்தால் கூச்சப்படாமல் சத்தமாகச் சொல்லுங்கள், கூட வந்தவர்களை வட்டமாக நிற்கச் சொல்லிப் பொலிஸ் நிற்கும் பக்கம் நகருங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் நண்பன்தான் அந்த ஆள் என்றால், அவனை நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

மின்னல் கண்டால் பாட்டு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது விநாடிக்குக் குறைவு என்றால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது. திடல் வெட்டவெளி, உயர்ந்து நிற்பவை இரும்பு மேடையும் மனிதர்களும்தான். வீதியைக் கடந்து கட்டடத்துக்குள் போங்கள். கடலிலும் இறங்க வேண்டாம், அங்கே அலை கல்லில் மோதும்.

வெளியே வருதல்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கடைசிப் பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பு கிளம்புவது, அல்லது முடிந்த பிறகு புல்லில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கச்சான் கொறிப்பது. முடிந்த அந்தக் கணத்தில் எல்லோருடனும் சேர்ந்து எழும்புவதுதான் பிழை. நான் இப்போதெல்லாம் உட்கார்ந்து விடுகிறேன். கடைசி டிராப்பைத் தவற விட மனம் வராது.

இரவு பத்து தாண்டிவிட்டால் கரையோர ரயிலை நம்ப வேண்டாம். திடல் வாசலில் நின்று பிக்மீயோ ஊபரோ அழைத்தால் விலை ஏறியிருக்கும், வருகிறேன் என்ற ஓட்டோவும் சனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கொள்ளுப்பிட்டி வரை கூட்டத்தோடு நடங்கள், இருபது நிமிடம். அங்கே காலி வீதியில் நிற்காதீர்கள், அந்தப் பகுதியில் அது கோட்டைப் பக்கம் போகும் ஒருவழிப் பாதை. ஒரு குறுக்குத் தெரு உள்ளே போய் டூப்ளிகேஷன் வீதியைப் பிடித்தால் வாகனங்கள் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஓட்டோவில் ஏறுமுன் இலக்கத்தைச் சரிபார்த்து, வீட்டில் விழித்திருப்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

அடுத்த நாள் காலையில் காதுக்குள் 'கீ' என்று கேட்டால், அன்று முழுக்க ஹெட்போன் போடாமல் காதுக்கு ஓய்வு கொடுங்கள். இரண்டு நாள் கழித்தும் நிற்கவில்லை, அல்லது ஒரு காது மந்தமாக இருக்கிறது என்றால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். சில பாதிப்புகளுக்குச் சீக்கிரம் தொடங்கினால்தான் மருந்து வேலை செய்யும். மிச்ச ஜீவனியை வீட்டிலேயே கரைத்துக் குடித்து முடித்துவிடலாம்.